முப்பது அடிக்கு ஒரு கையெழுத்து

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதிகாரி பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

"இங்கதாம்மா. பக்கத்து நிலக்காரர்னு இருக்கு பாருங்க."

பார்த்தேன். பேனா மூடியைத்தான் கழற்றவில்லை.

ஓரகத்தி வீட்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் போய் நான்கு வருஷமாகிறது. சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியில் இப்போது சட்டம் போட்ட படம். ஒரு நீர்நாய், வாயில் மீன், பின்னால் இரண்டு குட்டிகள். மரத்தில் கட்டி வைத்த கேமரா தானே எடுத்ததாம்.

என் கல்யாணப் படத்துக்கு இன்னும் சட்டம் போடவில்லை.

எங்கள் இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். என் பக்கம் மேட்டுத் துண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை காய்கறி எடுக்கிறேன். அவள் பக்கம் பள்ளத் துண்டு. எட்டு மாசம் தண்ணீர், நாலு மாசம் சேறு. மண்வெட்டியை ஊன்றினால் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும்.

அந்தச் சேற்றுக்கு இப்போது அரசாங்க உதவித்தொகை வரப்போகிறது. பறவைக்கும் நீர்நாய்க்கும் இடம் கொடுத்து வைத்திருக்கிறாளாம். ஆகாயத்தாமரையை வாரிப் போட, கரையைப் பலப்படுத்த, மரம் நட, ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. வரப்பிலிருந்து என் பக்கம் முப்பது அடிக்கு நான் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் விண்ணப்பம் வந்த வழியே திரும்பிவிடும்.

போன வாரம் அவளே சொன்னாள். "இது வரலேன்னா வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன் அக்கா."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உழுது, உரம் போட்டு, இடுப்பு ஒடிந்தவளை ஏனென்று கேட்க ஆளில்லை. நிலத்தைச் சும்மா போட்டு வைத்தவள் வாசலில் கார் நிற்கிறது. பலகை நட்டிருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் பைனாகுலரும் கையுமாக வந்து, "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று அவள் பின்னாலேயே சுற்றுகிறார்கள். என் கத்தரிக்காயைப் பார்க்க யாராவது கார் எடுத்துக்கொண்டு வந்தார்களா?

"அம்மா ரொம்ப யோசிக்கிறாங்க போல," என்றார் அதிகாரி.

"யோசிக்காம? முப்பது அடின்னா நாலு பாத்தி சார். புழு வந்தா உங்க நீர்நாய் வந்து பொறுக்குமா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கு நேரம் கொடுப்பவர்போல அவர் வேறொரு தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினார். நிலம் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

"பாகம் பிரிச்சப்போ சீட்டுப் போட்டு எடுத்தது சார். அக்காதான் எழுதினாங்க. அவங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. மாமனார் போன பிறகு, அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வேண்டாம், பெண்கள் எடுக்கட்டும் என்று பேச்சாயிற்று. சமையலறையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். சுருட்டிக் காலி காபி டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். சின்னவள் முதலில் எடுக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னதும் நான்தான். அவள் பிரித்தாள். பள்ளத் துண்டு. ஒரு நொடி முகம் தொங்கியது. அப்புறம், "போகட்டும்க்கா, எனக்குக் கொக்குன்னா பிடிக்கும்," என்றாள்.

மீதி இருந்ததை யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. நான் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு எல்லோருக்கும் காபி கலந்தேன்.

"நீங்க அதிர்ஷ்டக்காரிம்மா," என்றார் அதிகாரி அவளிடம்.

 பேனாவைப் பக்கத்தில் வைத்தேன்.

"மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

எழுந்திருக்கப் போனேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"இருங்கக்கா. வெறும் மடியில வச்சு எழுதினா பேப்பர் கிழியும். இதை அடியில வச்சுக்கோங்க."

தன் ஃபைலை நடுவில் திறந்து என் மடியில் வைத்தாள். பத்திரம், வரி ரசீது, இறப்புச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் ஒழுங்காக இருந்தன.

திறந்த பக்கத்தில், ஒரே உறைக்குள் இரண்டு துண்டுக் காகிதங்கள். ஒன்று சுருட்டிப் பிரித்ததில் இன்னும் வளைந்திருந்தது. இன்னொன்றில் நூறு கசங்கல், ஓரத்தில் காபித்தூள் கறை. நீவி நீவித் தட்டையாக்கியிருந்தாள். அன்றைக்கு அந்தக் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டியது அவள்தான்.

இரண்டும் என் எழுத்து.

இரண்டிலும் பள்ளத் துண்டு.

தலையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று அதிகாரிக்கு நீர்க்கோழியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "அதோ, குஞ்சோட போகுது பாருங்க சார். மெதுவா, மெதுவா, சத்தம் போடாதீங்க."

இந்தப் பதிமூன்று வருஷத்தில் எங்களுக்குள் எத்தனை சண்டை. தண்ணீருக்கு, வேலிக்கு, ஒன்றுமில்லாததற்கு. ஒரு தடவைகூட அவள் வாயில் இது வரவில்லை. என் வீட்டுக்காரர் கடைசிவரை என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டு போனார்.

பெருக்கல் குறியின் மேலேயே கையெழுத்தைப் போட்டேன். அச்சு மாதிரி வரவில்லை.

என்னால் பதிமூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது. அந்தப் பொறுமையும் பாருங்கள், அவளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.