சுண்ணாம்புக்கு அடியில்

புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் காலையிலிருந்து நின்றது கிழத் தூரிகை. காலமெல்லாம் கோஷம் எழுதிய அதற்கு இன்று ஒரு சொல்லும் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எழுதாவிட்டால் கட்சிக்காரர்கள் வெள்ளையடிக்கிற வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

"என்ன தோழரே, சரக்கு தீர்ந்துபோச்சா?" என்றது சுவர்.

"எவனும் சொல்லாத வார்த்தையாத் தேடுறேன்!" என்று சீறியது தூரிகை.

"நல்லாத் தேடுங்க. உள்ளே ஒருத்தர் ரொம்ப நாளா உங்களைக் கூப்பிடுறாரு."

ஆளில்லாத உச்சி வெயிலில், மூச்சு விடுவதுபோலச் சுண்ணாம்பு மெல்ல உப்பி அமுங்கியது. தூரிகையின் மயிரெல்லாம் சிலிர்த்தது. தூரிகை என்றோ எழுதி, பிறகு வெள்ளையடித்து மூடப்பட்ட பழைய கோஷம்தான் உள்ளிருந்து கேட்டது:

"நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துருச்சா?"

தூரிகை சிவப்புச் சாயத்தில் முங்கி எழுந்து, சுவரை அடைத்து எழுதியது: "இன்னும் வரவில்லை."