எக்கோ இல்லாமல்

"யாரைக் கேட்டு சார் என் பாட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணீங்க?"

உள்ளே நுழையும்போதே கத்தினாள் கார்த்திகா. போர்ட் பிளேரில் ராஜவேல் நடத்தும் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோ அது. அவளே எழுதிப் பாடிய முதல் பாட்டு போன வாரம் அங்கேதான் பதிவானது. கோயில் திருவிழாவில் மேடையில் போடப் போகிறார்கள்.

"அரே, முதல்ல உட்காருங்க."

"உட்கார வரலை. என் ஃப்ரெண்ட் வைஜெயந்தி இப்பத்தான் இந்தப் பக்கமாப் போயிருக்கா. ஸ்பீக்கர்ல என் குரல் மொட்டையாக் கேட்டுச்சாம். மூச்சு வாங்குறதுகூடத் தெரிஞ்சுதாம். போன் பண்ணிச் சிரிக்கிறா."

கம்ப்யூட்டரில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இப்போது வெளியே வரவில்லை. எஃபெக்ட் பட்டன்கள் அத்தனையும் அணைந்து கிடந்தன.

"எதையும் அழிக்கலைங்க. எக்கோ, ரிவர்ப்னு குரலுக்குப் போட்ட எதிரொலி எல்லாத்தையும் கொஞ்ச நேரம் பைபாஸ்ல வச்சு நிறுத்தியிருக்கேன். ஒரு தட்டு தட்டினா பழையபடி வந்துடும்."

"யாருக்காக?"

ராஜவேல் பாடும் அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கோயில் கமிட்டிக்காரங்களா? எனக்கு நிஜமாவே பாட வருதான்னு டெஸ்ட் பண்றாங்களா?"

"அவங்க இல்லை."

"பின்ன யாரு?"

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு."

"டீக் ஹை, சரி. பாட்டை பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. வேற ஸ்டூடியோ பாத்துக்கறேன். பாடினவளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

ராஜவேல் மறுபேச்சில்லாமல் பென் டிரைவைச் சொருகினார்.

அப்போது பாடும் அறையின் கதவு திறந்தது. கழற்றிய ஹெட்போனைக் கையில் பிடித்தபடி ஒருவர் வெளியே வந்தார்.

குழந்தைவேலு. கார்த்திகாவின் அப்பா. படகு இன்ஜின் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையரானவர். காது பாதிக்கு மேல் போய்விட்டது. அவரிடம் எதையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவரும் உரக்கத்தான் பேசுவார்.

மகளை அவர் கவனிக்கவில்லை.

"தம்பி, மூணு தடவை கேட்டுட்டேன். எக்கோவை எடுத்ததும்தான் வார்த்தை வார்த்தையாப் பிரிஞ்சு விழுது. வீட்டுல கேட்டப்ப ஒரே இரைச்ச..."

கார்த்திகாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா, நீங்க இங்க..." என்றாள் மெல்ல.

அவர் காதில் அது விழுந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினப்ப நல்லாயிருக்குன்னேன்ல... ஒரு எழுத்துகூடப் புரியலைம்மா. நீ மனசு விட்டுடுவியேன்னு பொய் சொல்லிட்டேன்."

ஹெட்போனை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இப்பச் சொல்றேன். நல்லாயிருக்கு."