நாலாம் முறை கெட்ட ஃப்ரிட்ஜ்

"ரெண்டு மாசத்துல நாலாவது தடவைங்க! நீங்க ரிப்பேர் பண்ண வாரீங்களா, காப்பி குடிக்க வாரீங்களா?"

விமலாராணி போட்ட சத்தம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனைக்கும் கெட்டுப்போனது அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் அல்ல; எதிர்வீட்டுப் பொற்கொடியுடையது.

மெக்கானிக் பாலகோபால் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அதில் காப்பிதான் இருந்தது. கீழே வைத்துவிட்டு அவரும் குரலை உயர்த்தினார்.

"நான் என்ன ஏமாத்துக்காரனுங்களா? ஒவ்வொரு தடவையும் நான் போறப்ப நல்லா ஓடுச்சா இல்லீங்களா? இவங்களையே கேளுங்க!"

"ஓடுச்சுங்க," என்றாள் பொற்கொடி, தேவைக்கு மேல் வேகமாக.

அந்த வேகம் விமலாராணிக்குப் பிடிக்கவில்லை. பொற்கொடிக்கு நாற்பத்தொரு வயது, மில் ஆபீசில் வேலை, தனிக்கட்டை. பாலகோபாலுக்கு மனைவி தவறி ஆறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. முதல் தடவை அவர் பழைய சென்சாரைக் கழற்றிப் புதுசு மாட்டியபோது, பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு நின்ற விமலாராணி இவ்வளவையும் கறந்துவிட்டிருந்தாள்.

"மெக்கானிக்கும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் அம்மணி. என்ர ஊட்டு ஃப்ரிட்ஜு சும்மாதானே கெடக்குது? பாலு, மாவு எல்லாம் அங்கயே வெச்சுக்கோ."

சும்மாதான் கிடந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் சாரா பெங்களூரில் குடியேறிய பிறகு, பீரோ உயரத்துக்கு நிற்கும் அந்த ஃப்ரிட்ஜில் இரண்டு எலுமிச்சம்பழமும் கால் லிட்டர் பாலும்தான். பொற்கொடியின் ஃப்ரிட்ஜ் படுத்துக்கொண்ட நாட்களில் மட்டும் அது நிறையும். காலையில் மாவு வைத்த பாத்திரத்தை, அந்தப் போசியை, எடுக்க ஒரு தரம், வேலைவிட்டு வந்ததும் பாலுக்கு ஒரு தரம், கீரைக்கு ஒரு தரம் என்று பொற்கொடி வந்துகொண்டே இருப்பாள். வந்தவளை உட்காரவைத்து, தெருவில் யாரோடு யார் பேசுவதில்லை என்று ஆரம்பித்தால் விமலாராணிக்குப் பொழுது போவதே தெரியாது. மற்ற நாட்களில் டிவியோடுதான் பேச்சு. அது இவளைப் பேசவிடாது.

பாலகோபால் பொற்கொடி ஃப்ரிட்ஜின் உள்மூடியை நெம்பிக் கழற்றினார். இரண்டு ஒயரின் நுனியில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு குமிழ்.

"இது சென்சாருங்க. உள்ள எவ்வளவு குளுருன்னு போர்டுக்குச் சொல்றது. இது சொல்லலீன்னா, எல்லாம் பனிக்கட்டியாக் கெடக்குதுன்னு போர்டு நெனச்சுக்கும். அப்புறம் எங்க மோட்டார் ஓடும்?"

விமலாராணி வீட்டிலிருந்து ஐஸ் வந்தது. ஐஸ் தண்ணீரில் குமிழை முக்கி, மீட்டரை வைத்தார். குளிர்ந்தால் எண் ஏற வேண்டும்; ஏறி நின்றது. பிறகு குமிழைத் துடைத்துப் பொற்கொடியிடம் நீட்டினார்.

"உள்ளங்கையில புடிங்க. கைச்சூடு போதும்."

எண் மளமளவென்று இறங்கியது. மீட்டரைப் பார்க்க வேண்டியவர் பொற்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமலாராணி இருமினாள்.

"சென்சார் நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் அவசரமாக. "பிளக்குதான் கழண்டு கெடந்துச்சு. புதுசு போட்டதுக்கப்புறம் மூணு தடவையும் இதேதான்."

"தானாக் கழலுமுங்களா?" என்றாள் பொற்கொடி.

"கழலாதுங்க. அமுத்தி இழுத்தாத்தான் வரும்."

"அப்ப நீங்கதான்!" விமலாராணி விடவில்லை. "அரைகுறையா மாட்டிப்போட்டுப் போறீங்க. திரும்ப வரோணுமில்ல!"

பாலகோபாலின் காதுமடல் சிவந்தது.

"அரைகுறையா மாட்டலீங்க. ஆனா, பிளக்கு கழலாம பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டீருக்கலாம். ரெண்டாந்தடவையே கட்டீருக்கலாம். கட்டலீங்க."

பொற்கொடி சிரித்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பை ஏழு வருஷப் பழக்கத்தில் விமலாராணி பார்த்ததில்லை.

அன்று அவர் டேக் போட்டு இறுக்கிவிட்டார். அதன்பிறகு ஃப்ரிட்ஜ் கெடவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகோபால் வந்தார், டூல் பெட்டி இல்லாமல்.

தை மாசம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். முதல் சாட்சிக் கையெழுத்து விமலாராணியுடையது. மறுவாரமே பெரியநாயக்கன்பாளையத்துக்குக் குடிபோனார்கள். குட்டியானை வண்டியில் ஃப்ரிட்ஜும், அதை ஒட்டி மாவுப் போசியும் ஏறின.

"எல்லாம் உங்களாலதானுங்கக்கா," பொற்கொடி கட்டிக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க சண்டை போடலீன்னா இவரு வாயே தொறந்திருக்க மாட்டாரு."

"நல்லா இரு கண்ணு," என்றாள் விமலாராணி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பொற்கொடி ஏழு வருஷத்துக்கு முன் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

டார்ச் அடித்தபோது பார்த்து வைத்திருந்த அந்தப் பிளக்கை, பொற்கொடி வேலைக்குப் போன பிறகு இதே சாவியால் கதவைத் திறந்து போய், மூன்று தடவை அவள்தான் இழுத்துவிட்டாள். அவள் ஆசைப்பட்டதெல்லாம், அந்த மாவுப் போசி நாலு நாளைக்குத் தன் வீட்டில் இருக்கட்டும் என்று மட்டும்தான்.