மாராடெபே

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களின் வீடுகளில் மருமகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவளுடைய தகப்பன் குலப்பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்து அழைப்பதுதான் மரியாதை. விடுதியில் அநாதையாக வளர்ந்த நொலிதாவுக்குக் குலம் தெரியாது. பதிவுத் திருமணம் முடித்து வந்த அன்று, "எந்தக் குலத்துப் பொண்ணும்மா நீ?" என்று மாமியார் கேட்டதும், எப்போதோ பேருந்தில் காதில் விழுந்த "ராடெபே"யைச் சொல்லிவிட்டாள். ஐந்து வருடங்களாக அவள் மாராடெபே. மாமியார் அழைத்தால், இன்னொரு முறை அழைக்கட்டும் என்று கேட்காதவள்போல் நிற்பாள்.

இன்று விருந்துக்கு வந்த முதியவர் ஒரு ராடெபே.

"அடடே, நம்ம வீட்டுப் பொண்ணா! பாட்டன்மார் பேரைச் சொல்லு, கேப்போம். ராடெபே, புங்கானே... ம், அப்புறம்?"

அந்தக் குலத்துக் குழந்தைக்கும் தெரிந்த வரிசை அது. மாமியார் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு நின்ற நொலிதா கண்களை மூடி, தனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னாள். விடுதியில் கஞ்சி ஊற்றிய நொன்செபா. காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்ட ஆக்னஸ். தலை பின்னிவிட்ட தண்டேகா.

முதியவர் சிரிக்கவில்லை. மாமியார் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு நின்றவளை, "மாராடெபே" என்று அழைத்தார்.