சாத்தாத கதவு

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்து வெயில் ஜன்னல் வழியே டிவியில் விழுகிறது. ஜுலைகா முந்தானையை விரித்துப் பிடித்து வெயிலை மறைத்தபடி நிற்கிறாள். நான்கு வருஷம் கழித்து துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அவள் கணவன் நஜீமுதீன், கூடவே கொண்டுவந்து டிவியோடு இணைத்த, கேசட்டில் விளையாட்டு ஓடும் கம்ப்யூட்டரின் முன் குனிந்திருக்கிறான். இந்த விளையாட்டுக்கு இரக்கமே கிடையாது. செத்த வீரன் திரும்ப வரமாட்டான். கோட்டை விழுந்தால் கேசட்டை ஓடவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லீவு முழுக்கத் தோற்றவன் இன்றுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கிறான். பூதங்கள் நெருங்குகின்றன. கோட்டைக் கதவைச் சாத்திவிட்டால் ஜெயம். ஆனால் தானியம் தேடிப் போன ஒரு வீரன், அரிசி அளவு வெள்ளைப் புள்ளியாக, இன்னும் பாலைவனத்தில் வந்துகொண்டிருக்கிறான். நஜீமுதீனின் விரல் பொத்தானுக்குப் போகிறது.

“சாத்தாதீங்க,” என்கிறாள் ஜுலைகா. “பொழைக்கப் போனவன் வூட்டுக்கு வர்ற நேரத்துல கதவச் சாத்துவாங்களா?”

“தோத்துருவோம் புள்ள.” சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொள்கிறான். புள்ளி மெல்ல ஊர்ந்து வாசலுக்குள் நுழைகிறது. அதன் பின்னாலேயே பூதங்களும் நுழைகின்றன. திரை சிவந்து, டிவி ஊளையிடுகிறது.

“போச்சு,” என்று அவன் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றுகிறான். முந்தானை தாழ்கிறது. வெயில் அவன் பிடரியில் விழுகிறது.

“அவன் வந்துட்டான்ல. அல்ஹம்துலில்லாஹ்,” என்கிறாள் ஜுலைகா, திரையைப் பார்க்காமல்.