வழியில் ஒரு கோயில்

"அரண்மனை, தோட்டம், அப்பாலே ஊடு. கோயில் கெடையாது!" என்றாள் நாகவல்லி.

எனக்கு வந்ததே கோபம்!

திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட்ஸ் பெண்கள் பதினாறு பேர், சனிக்கிழமை சந்திரகிரி கோட்டைக்குப் போவதாக ஏற்பாடு. ராஜா மகால், ராணி மகால் பார்த்துவிட்டு, தோட்டத்தில் ஜமக்காளத்தை விரித்துப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். யோசனை நாகவல்லியுடையது. வேனும் அவள் வீட்டுக்காரர் லோகநாதனுடையது.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூடி, யார் என்ன சமைத்து எடுத்து வருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். மூணாவது மாடி சித்ராகூட வந்திருந்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்தவள். அதற்கப்புறம் நாலு பேர் நடுவில் வந்து அவள் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.

அப்போதுதான் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். "போற வழியிலதானே திருச்சானூர்? தாயாரையும் கும்பிட்டுட்டுப் போயிடலாமே. எங்க பொண்ணு வர்ஷாவுக்கு நல்ல வரன் அமையணும்னு ரொம்ப நாளா வேண்டிக்கிட்டிருக்கேன்."

"ஆமாமா, அவ்வளவு தூரம் போயிட்டு தாயாரைப் பார்க்காம வர்றதா?" என்று எல்லாரும் ஒத்துப்பாட, நாகவல்லி மட்டும் குறுக்கே நின்றாள்.

"ஏன் கூடாதுங்கறே?" என்றேன்.

"முட்டி வலிக்கா. கியூல நிக்க முடியாது."

"அப்போ நீ வேன்லயே இரு. நாங்க போயிட்டு வந்துடறோம்."

"யாரையும் வேன்ல குந்த வெச்சிட்டுப் போறதெல்லாம் வாணாம்."

"ஏம்மா, வெள்ளிக்கிழமை தவறாம கருமாரியம்மன் கோயில்ல கால் கடுக்க நிக்கறியே, அப்போ மட்டும் முட்டி வலிக்காதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாகவல்லிக்கு முகம் சிறுத்துப்போனது. நான் விடுவேனா?

"வேன் உன்னுதுன்னா, சாமியும் உன் இஷ்டப்படிதான் கும்பிடணுமா?"

"இன்னா வேணா சொல்லிக்கோ சரசாக்கா. கோயிலுக்குன்னா எங்க வேன் வராது" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டாவது மாடி எழிலரசி, ஐ.டி.யில் இருக்கிறவள். "விடுங்க ஆன்ட்டி, வேற வேன் பிடிச்சுடலாம்" என்று அங்கேயே போனில் பேசி முடித்தாள். கையோடு நானும் வாட்ஸப் குரூப்பில் போட்டேன்: 'காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. முதலில் திருச்சானூர். பிறகு சந்திரகிரி.'

மளமளவென்று கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

மறுநாள் சித்ராவிடமிருந்து ஒரு மெசேஜ். 'உடம்பு சரியில்லை. நான் வரலை. மன்னிச்சுக்கோங்க.'

பாவம், இப்போதுதான் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள், அதற்குள் இப்படியா என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அடுத்த நிமிஷமே நாகவல்லி போட்டாள். 'நானும் வரலை.'

வீம்பு! வராவிட்டால் போகட்டும், காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை லிஃப்டில் நாகவல்லியும் நானும் மட்டும். அவள் கையில் பேப்பர் தட்டு, தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட்.

"ட்ரிப்புக்கு வரலைன்னியே, இதெல்லாம் எதுக்காம்?"

"நானும் சித்ராவும் தனியா போறோம்க்கா. எங்க ஊட்டுக்காரு இட்டுகினு போறாரு. நேரா சந்திரகிரிதான்."

"அவளுக்கு உடம்பு சரியில்லைன்னாளே?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல."

லிஃப்ட் நின்றது. நான் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ எங்களோட வந்தா என்ன?"

நாகவல்லி அக்கம்பக்கம் பார்த்தாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"புருசன் போயி இன்னும் வருசம் திரும்பலியேக்கா. கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னு கீறா. நீங்கல்லாம் உள்ள போயி சாமி கும்புட, அவ மட்டும் வேன்ல தனியா குந்திகினு அழணுமா? தோட்டத்துல காத்தாட குந்திட்டு வரலாம் வாடீன்னு எத்தினி நாளு கெஞ்சி அவளைக் கெளப்பினேன் தெரியுமா?"



"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி!"

"அவளை எதிர்ல வெச்சிகினு எப்டிக்கா சொல்றது? முட்டி வலின்னேன். நீங்க சிரிச்சீங்க. சிரிச்சிட்டுப் போங்க."

"அட அசடே! இந்தக் காலத்துல வருஷம் திரும்பறதெல்லாம் யாரு பார்க்கறா? அவளும் எங்களோட கோயிலுக்குள்ள வரட்டும். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன் தாராளமாக.

நாகவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினாறாம் நாள் அன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தினி பேர் முன்னாடியும் அவளைக் கூப்ட்டு, 'ஒரு வருசத்துக்குக் கோயில் படி மிதிச்சிடாதே'ன்னு சொன்னதே நீதானேக்கா!"