கரப்பானுக்கு அம்மா பேரு

"உங்க அம்மா பேரை ஒரு கரப்பான்பூச்சிக்கு வச்சிருக்கேங்க!"

பூச்சி ஆராய்ச்சி பண்ற பொண்டாட்டி, செருப்பைக்கூடக் கழட்டாம சொன்னா. குடிச்சுக்கிட்டிருந்த டீ புருஷனுக்கு மூக்குல ஏறிடுச்சு.

"எதுக்கு வச்சே?"

"கரப்பானுக்கு. புது இனம்! உலகத்துல இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காதது. அத்தை பேருக்குப் பின்னாடி லத்தீன் வால் ஒட்டி, அறிவியல் பத்திரிகையில அச்சே ஆயிடுச்சு."

"உனக்கு ஒரு பட்டாம்பூச்சி கிடைக்கலை? ஒரு மின்மினி கிடைக்கலை? மாமியார் மேல இருக்கிற கடுப்பை இப்படியா தீர்த்துக்குவே?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்லாதே! நாளைக்கே பேரை மாத்து."

"அச்சாயிட்டா நானே நினைச்சாலும் மாத்த முடியாதுங்க. அதான் விதி."

அவ்வளவுதான். தாம்தூம்னு குதிச்சான். தங்கச்சிக்கு போன் போட்டான். அவ சும்மா இருப்பாளா?

"அண்ணியா இப்படி? அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே இங்க வந்துடுண்ணா. அவங்க பூச்சியோடயே குடித்தனம் நடத்தட்டும்!"

பரண்ல இருந்த பெட்டியை இழுத்துக்கிட்டு நேரா அம்மா ரூமுக்குப் போனான்.

"கிளம்பும்மா. இனிமே இந்த வீட்ல நமக்கு மரியாதை இல்ல."

"என்னடா ஆச்சு?"

எப்படிச் சொல்றது? தொண்டையைச் செருமினான். முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

"உன் மருமக... உன் பேரை... ஒரு கரப்பான்பூச்சிக்கு..."

அம்மா மடமடன்னு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டா.

"வந்துடுச்சா? எங்க, காட்டு காட்டு!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமாவா? கொல்லையில சருகு கூட்டும்போது அதைப் பிடிச்சதே நான்தானேடா! அடிக்கலாம்னு துடைப்பத்தை ஓங்கிட்டேன். பார்த்தா, மீசை ஒரு தினுசா இருந்துச்சு. டப்பாவுல போட்டு மருமககிட்டக் குடுத்தேன். பூச்சியைப் பிடிச்சுக் குடுத்தவங்க பேரையே வைக்கிறது அவங்க தொழில்ல பெரிய மரியாதையாம்."

"இருந்தாலும் கரப்பான்மா! உனக்குக் கேவலமா இல்ல?"

அம்மா சிரிச்சா.

"உங்கப்பாவுக்கு நான் 'ஏய்'. ஊருக்கு உன்னோட அம்மா. நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து, 'உங்க பேர் என்ன அத்தை, முழுசாச் சொல்லுங்க'ன்னு என்னை உக்கார வச்சுக் கேட்ட மொத ஆளு உன் பொண்டாட்டிதான்டா."